ஏசா பெற்றுக்கொண்டது எது? ஆதியாகமம் 33இல் கொடைச்சொல்லும் தமிழ் மொழிபெயர்ப்பும்

விவிலியக் காலச் சமூகத்தில் மேலோரைக் காணச் செல்வோரும் பகை தணிக்க விழைவோரும் வெறுங்கையுடன் செல்வதில்லை. அம்முறைமையை விரிவாகக் காட்டும் பகுதி, யாக்கோபு தன் தமையன் ஏசாவுக்கு அனுப்பிய கொடையைப் பற்றியதாகும் (ஆதி. 32, 33). ஏசா 400 பேருடன் எதிர்வருகிறான் என்ற செய்தி யாக்கோபை அச்சுறுத்துகிறது. உடனே அவன் வெள்ளாடுகள் 220, செம்மறிகள் 220, பால் தரும் ஒட்டகங்கள் 30, மாடுகள் 50, கழுதைகள் 30 என, ஒட்டகக் குட்டிகள் நீங்கலாக 550 உயிர்களைப் பிரித்தெடுக்கிறான். ஆடுகளில் பத்துப் பெண்ணுக்கு ஓர் ஆண் என்ற விகிதம் கருதத்தக்கது. இது விருந்துக்கு அறுக்கும் பொருளன்று. பெறுபவனிடம் பெருகக்கூடிய மந்தை. மந்தைகளுக்கிடையே இடைவெளி விடச் செய்ததால், ஏசாவின் சினம் ஒரே முறையன்றி அலையலையாக எதிர்கொள்ளப்படுகிறது.

இதுவரை நிகழ்வது சமாதானக் கொடையே. எபிரேய மூலம் இதனை ‘மின்ஹா’ என்கிறது. கடவுளுக்குக் காயீனும் ஆபேலும் கொணர்ந்த படையலுக்கும், சிற்றரசர் பேரரசர்க்குச் செலுத்தும் திறைக்கும் அச்சொல்லே வழங்குகிறது. ஏசா முதலில் மறுக்க, யாக்கோபு வற்புறுத்துகிறான். மறுப்பும் வற்புறுத்தலும் அக்கால முறைமையின் பகுதிகளே. ஆனால் அவ்வற்புறுத்தலின் நடுவே சொல் மாறிவிடுகிறது. 33:10இல் ‘என் மின்ஹா’ என்றவன், அடுத்த வசனத்திலேயே ‘என் பெராகா’ என்கிறான். பெராகா என்பது ஆசீர்வாதம். தந்தையின் கண் மங்கிய காலத்தில் அவன் வஞ்சித்துக் கவர்ந்ததும் பெராகாவே. 27:36இல் ஏசா ‘என் ஆசீர்வாதத்தை எடுத்துக்கொண்டான்’ என அலறும்போது வரும் அதே வினையடியும் அதே பெயர்ச்சொல்லும் இங்கே யாக்கோபின் வாயில் ‘எடுத்துக்கொள்ளும்’ என ஏவலாகத் திரும்புகின்றன.

தமிழில் பரவலாக வழங்கும் பழைய மொழிபெயர்ப்பில் இத்திருப்பம் மறைந்துபோகிறது. அங்கு 33:10இல் ‘வெகுமதி’, 33:11இல் ‘காணிக்கை’. வினையும் ‘வாங்கிக்கொண்டான்’, ‘ஏற்றுக்கொள்ளும்’ என இருவேறாகப் பிரிகிறது. காயீனின் படையலுக்கும் அம்மொழிபெயர்ப்பு ‘காணிக்கை’ என்றே வழங்குவதால், மூலத்தில் மின்ஹாவுக்குரிய சாயல் பெராகாவின்மேல் ஏறிவிடுகிறது. தமிழ் வாசகர் அச்சத்தால் தரப்பட்ட பொருளை மட்டுமே காண்கிறார். பறித்ததைத் திருப்பித் தர முயலும் மனிதனைக் காண்பதில்லை.

பெராகா என்பது வழக்கில் கொடையையும் குறிக்கும் என இதற்கு மறுப்புக் கூறலாம். அபிகாயில் தாவீதுக்குத் தந்ததும் (1 சாமு. 25:27) நாகமான் எலிசாவுக்குத் தர முனைந்ததும் (2 இரா. 5:15) அச்சொல்லாலேயே சுட்டப்படுகின்றன, அங்குக் ‘காணிக்கை’ பொருந்துவதே. ஆனால் அவ்விடங்களில் களவுபோன ஆசீர்வாதம் ஒன்று கதைக்குப் பின்னால் இல்லை. மேலும், காலேபின் மகள் அக்சாள் நீர்வளமுள்ள நிலம் கேட்கும் இடத்தில் (யோசு. 15:19) இதே மொழிபெயர்ப்பு பெராகாவை ‘ஆசீர்வாதம்’ என்றே தருகிறது. நிலத்தை ஆசீர்வாதம் என அழைக்கத் தமிழ் இடங்கொடுத்ததெனில், மந்தையை அவ்வாறு அழைக்கவும் தடையில்லை.

இவ்வாசிப்பைக் கதையின் பிற கூறுகளும் தாங்குகின்றன. சகோதரர் உன்னை வணங்குவர் என்பது ஈசாக்கு யாக்கோபுக்கு அளித்த ஆசியின் ஒரு பகுதி (27:29). இங்கோ ஏழுமுறை தரையில் வணங்குபவன் யாக்கோபுதான். கொடை எதிர்க்கொடையை வேண்டும் என்பது 1925இல் மார்செல் மோஸ் முன்வைத்த புகழ்பெற்ற கருத்து. ஏசாவோ ஈடாக எதையும் பொருளாகத் தரவில்லை. வழித்துணைக்கு ஆட்களைத் தர முன்வருகிறான். அதையும் யாக்கோபு தவிர்த்துவிடுகிறான். கடன் திரும்பியது என்று கொண்டால் எதிர்க்கொடை இல்லாமை இயல்பாகிறது. எனினும், ஈசாக்கு உரைத்த ஆசி மீட்கவியலாதது. யாக்கோபால் திருப்பித் தர இயன்றது அதன் பெயரும் 550 உயிர்களுமே. ஏசா பெற்றுக்கொண்டு சேயீருக்குத் திரும்புகிறான். பின்வருவதாகச் சொன்ன யாக்கோபு அங்குச் செல்லாமல் சுக்கோத்தில் வீடு கட்டுகிறான்.