டேப் ஓடும் விருந்து

விக்டர் பாக்ரிஸ் புத்தகம் கையில் இருந்தால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். எதிர்க்கலாச்சாரப் பிரபலங்களைப் பற்றி எழுதியவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பிரபலங்களோடு நம்மையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தவர் இவர்தான்!

1949-இல் இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். நண்பர்களோடு டெலிகிராஃப் புக்ஸ் என்ற சின்னப் பதிப்பகம் நடத்தினார். பாட்டி ஸ்மித் பாடகியாகப் பேரெடுக்கும் முன்பே, 1972-இல், அவருடைய முதல் கவிதைத் தொகுப்பு வெளிவந்தது அங்கிருந்துதான். என்ன மோப்பம் பாருங்கள்!

நான் தலையில் வைத்துக் கொண்டாடுவது எழுத்தாளர் வில்லியம் பரோஸைப் பற்றி 1981-இல் வந்த நூலை. நியூயார்க்கின் பவரி தெருவில், பழைய ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் ஜன்னலே இல்லாத உடைமாற்றும் அறையில் குடியிருந்தார் பரோஸ். அந்த இடத்துக்குப் பெயரே 'பங்கர்'. பாக்ரிஸ் அங்கே ஆட்களைக் கூட்டிவருவார், டேப் ரெக்கார்டரைத் தட்டிவிடுவார், தானும் சாப்பிட உட்கார்ந்துவிடுவார். ஓவியர் ஆண்டி வார்ஹோல், எழுத்தாளர் சூசன் சொன்டாக், கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க், ராக் பாடகர் லூ ரீட் என்று வரிசையாக வருகிறார்கள். ஒருமுறை வார்ஹோலோடு ராக் பாடகர் மிக் ஜாக்கரும் வருகிறார். மூன்று பெரும்புள்ளிகள், ஆனால் பேச்சு ஒட்டவே இல்லை! வேறொருவர் என்றால் அந்தச் சங்கடத்தை வெட்டி எறிந்திருப்பார். பாக்ரிஸ் அப்படியே அச்சிட்டார். அந்தப் பக்கங்களை எத்தனை முறை வாசித்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது. புகழ் கழன்று விழுந்த பிறகு மனிதர்கள் எப்படி இருப்பார்கள் என்பதை வேறெந்த நூலும் எனக்கு இவ்வளவு பக்கத்தில் காட்டியதில்லை.

டேப் மட்டும்தான் இவர் பலம் என்று நினைத்துவிடாதீர்கள். 1989-இல் வந்த வார்ஹோல் வாழ்க்கை வரலாற்றைப் படியுங்கள். பிட்ஸ்பர்க்கின் ஏழைக் குடியேறிகள் வீடு, நரம்பு நோயால் படுக்கையில் கிடக்கும் சிறுவன், அவனைப் பொத்திப் பொத்தி வளர்க்கும் தாய் ஜூலியா. அந்த அம்மாவை அறிந்த பிறகு வார்ஹோலின் வெள்ளை விக்கையும் வேண்டுமென்றே காட்டும் மௌனத்தையும் என்னால் பழையபடி பார்க்கவே முடியவில்லை.

ராக் கலைஞர்கள் கீத் ரிச்சர்ட்ஸ், லூ ரீட் பற்றியும் தடித்தடியாக எழுதியிருக்கிறார். பிளாண்டி இசைக்குழுவின் கதையை டெபி ஹாரி, கிறிஸ் ஸ்டைனோடு சேர்ந்தே எழுதினார். எல்லாவற்றையும் வாசியுங்கள், ஆனால் பரோஸ் நூலில் தொடங்குங்கள். ராக் இசை கேட்டதே இல்லையா? பரோஸின் ஒரு வரிகூடப் படித்ததில்லையா? பரவாயில்லை, எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் உள்ளே நுழைந்துவிடலாம்!