குழுவிலிருந்து விலகலாம்

2018 மே மாதத் தொடக்கம். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கும் கூட்டம் இறங்கியிருக்கிறது, வெளியாளைக் கண்டால் விடாதீர்கள் என்றது ஓர் ஆண் குரல். அனுப்பியவர் என் கணவரின் பெரியப்பா. செஞ்சியில் யார் வெளியாள்? கோட்டை பார்க்க இந்தி பேசிக்கொண்டு இறங்குகிறவர்கள் இங்கே தினமும் உண்டு. ராஜகிரி அடிவாரத்தில் நம் பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொள்வார்கள், மிட்டாயும் கொடுப்பார்கள்.

அது பொய் என்று எனக்குத் தெரிந்திருந்தது. என் ஓரகத்திக்கும் தெரிந்திருந்தது. பாத்திரம் துலக்கும்போது "பெரியமாமா இதையெல்லாம் எங்கேர்ந்துதான் புடிக்கிறாரோ" என்று சிரித்தோம். பிறகு குழுவில் அவள் ஒரு கும்பிடு போட்டாள். நான் அதுவும் போடவில்லை.

மே 9 அன்று போளூரை அடுத்த அத்திமூரில் 65 வயதுப் பெண் ஒருவரை ஊர்க் கூட்டம் அடித்துக் கொன்றது. சென்னையிலிருந்து உறவினர்களோடு காரில் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். வழி கேட்க நிறுத்திய இடத்தில் பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். எங்களுக்குத் திருவண்ணாமலை பக்கத்து ஊர் மாதிரி, போளூர் அதைத் தாண்டினால் வந்துவிடும். எங்கள் குழுவுக்கு வந்த பதிவுதான் அத்திமூருக்கும் போனதா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்த வதந்தி குழுவிலிருந்து குழுவுக்குத் தாவியது. எங்கள் சிரிப்பு சமையலறையைத் தாண்டவில்லை.

அந்த ஆண்டு இந்தியாவில் நடந்த இப்படிப்பட்ட கொலைகளுக்குப் பிறகு, ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் செய்தித்தாள்களில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தது. பொய்ச் செய்தியை அடையாளம் காணப் பத்து வழிகள். படத்தைச் சரிபாருங்கள், வேறு இடத்தில் செய்தி வந்திருக்கிறதா பாருங்கள், வேண்டாத எண்ணைத் தடுக்கலாம், எந்தக் குழுவிலிருந்தும் விலகலாம். நல்ல அறிவுரைதான். ஆனால் அதை எழுதியவர்கள் மருமகள் என்ற பிறவியைப் பார்த்ததேயில்லை போலிருக்கிறது. அப்போதெல்லாம் குடும்பக் குழுவிலிருந்து ஒருத்தி விலகினால் "இன்னார் வெளியேறினார்" என்று எல்லார் திரையிலும் விழும். அன்றைக்கே அவள் அம்மா வீட்டுக்கு போன் போகும்.

சிக்கல் அறியாமையில் இருக்கிறது, தகவலைக் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்பதுதான் அந்தப் பக்கத்தின் நம்பிக்கை. பள்ளிகளில் நடத்தும் விழிப்புணர்வு வகுப்புகளுக்கும் அதே நம்பிக்கைதான். எங்கள் குழுவில் அறியாமை குறைவாகத்தான் இருந்தது. இது பொய் என்று பெரியமாமாவிடம் சொல்லும் தகுதி யாருக்கு உண்டு என்பதும் எல்லாருக்கும் தெரியும். அவருடைய அண்ணனுக்கு. அவர் காலமாகிப் பல வருஷமாகிறது.

இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் எனக்குக் கூடுதலாக உறுத்துகிறது. பிள்ளைபிடி வதந்தி தாயின் பயத்தைக் கடன் வாங்கிக்கொண்டு நடக்கிறது. அதைச் சந்தேகிக்கிறவளிடம் திரும்பி வரும் கேள்வி, "நாளைக்கு உன் புள்ளைக்கு ஒண்ணு ஆனா?" என்பது. பொய்யை மறுத்தால் நல்ல தாய் இல்லை என்ற பட்டம் இலவசம். ஆண்கள் இதே கேள்வியைச் சந்திப்பதில்லை.

மௌனத்தைப் பற்றிய புகழ்பெற்ற கோட்பாடு ஒன்று பிறந்த கதையை இங்கே சொல்ல வேண்டும். 1964 மார்ச்சில் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் குத்திக் கொல்லப்பட்டார். 38 பேர் வேடிக்கை பார்த்தார்கள், ஒருவரும் உதவவில்லை என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அதைத் தொடர்ந்து டார்லி, லட்டானே என்ற இரு உளவியலாளர்கள் சோதனைகள் செய்து, ஆள் கூடக்கூடப் பொறுப்பு சிதறிப்போகிறது என்றார்கள். பாடநூல்கள் தலைமுறைகளாக இதைச் சொல்லிக்கொடுத்தன. அந்த 38 பேர் கணக்கு மிகைப்படுத்தியது என்று பின்னால் தெரிந்தது, பத்திரிகையே 2016இல் ஒப்புக்கொண்டது. சோஃபியா ஃபரார் என்ற அண்டைவீட்டுப் பெண் படியிறங்கி ஓடிவந்து, செத்துக்கொண்டிருந்தவரைக் கையில் தாங்கியிருந்தார். மௌனத்தை விளக்க வந்த கதையே ஒரு பொய்ச் செய்தி. அதில் சும்மா இருக்காத பெண் காணாமல் போயிருந்தாள்.

பெண்கள் பேசவேயில்லை என்பதும் அரைப் பொய்தான். சமையலறையில், குழாயடியில், பேருந்தில் நாங்கள் ஒவ்வொரு பொய்யையும் பிய்த்துப் போடுகிறோம். அது பேச்சு என்று கணக்கில் ஏறுவதில்லை. ஆனால் இதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளவும் கூடாது. காரில் இருந்த அந்த அம்மாவுக்கு எங்கள் சமையலறைப் பேச்சால் ஒரு பயனும் இருக்கவில்லை.

2024 தொடக்கத்தில் அதே பிள்ளைபிடிப் பேச்சு தமிழ்நாட்டில் மறுபடி கிளம்பியது. காவல்துறை மறுத்தது. எங்கள் குழுவுக்கும் பெரியமாமாவிடமிருந்து வந்தது. இந்த முறை தட்டச்சு செய்தேன்: "மாமா, இது பொய்ங்க. போலீஸே சொல்லியிருக்காங்க. யாருக்கும் அனுப்பாதீங்க." நீலக் குறி விழுந்தது. யாரும் பதில் போடவில்லை. ஓரகத்தி எனக்குத் தனியாக ஒரு இதயம் அனுப்பினாள். ராத்திரி என் கணவருக்கு அவர் தம்பியிடமிருந்து போன் வந்தது.

"அண்ணிக்கு என்னாச்சு?" என்று அவரிடம் கேட்டார்.