முதுகில் வந்து விழும் குழந்தை

பிள்ளைத்தமிழ் என்றதும் பத்துப் பருவங்கள் நினைவுக்கு வரும். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன்மேல் பாடியதே கிடைப்பவற்றுள் பழைய தனிநூல் என்பர். 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சியைப் பாடியபோது வடிவம் முதிர்ந்திருந்தது. ஆனால் இந்தப் பத்துக்குள் வராமல் போன சில விளையாட்டுகளைப் பற்றித்தான் எனக்குப் பேசவேண்டும்.

அவை பெரியாழ்வார் திருமொழியில் இருக்கின்றன. கண்ணனை ஓடிவந்து அணைத்துக்கொள்ளும்படி அழைப்பது அச்சோ. அவனாகவே பின்னால் வந்து தாயின் முதுகைக் கட்டிக்கொள்வது புறம் புல்கல். பூச்சி காட்டிப் பெரியவர்களை அவன் பயமுறுத்துவது அப்பூச்சி. பிந்திய இரண்டிலும் விளையாட்டைத் தொடங்குவது குழந்தை. தாய் திடுக்கிடுகிறாள், மகிழ்கிறாள், அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல் அதைச் சொல்கிறாள்.

பின்வந்த பத்துப் பருவங்களில் நிலைமை பெரும்பாலும் தலைகீழ். செங்கீரை ஆடு, கை கொட்டு, முத்தம் தா, வா என்று பெரியவர் கேட்கிறார், குழந்தை செய்யவேண்டும். சிற்றில் பருவத்தில் மட்டும் ஆண்குழந்தை மணல்வீட்டை அழிக்க வந்துவிடுகிறான். அங்கும் நமக்குக் கேட்பது, அழிக்காதே என்று சிறுமியர் கெஞ்சும் குரல்தான். குழந்தை அரசனாகவும் தெய்வமாகவும் உயர்ந்தபோது, முதுகில் வந்து விழும் உரிமையை இழந்துவிட்டது. நம் திறனாய்வு இந்நூல்களின் சந்தத்தையும் பக்தியையும் நிறையப் பேசியிருக்கிறது. இந்த இழப்பை அதிகம் பேசியதில்லை.

ரொறன்ரோவில் இருந்து வாசிக்கும்போது இது பழங்கதையாகத் தோன்றவில்லை. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பல வீடுகளில் தமிழ் ஏவல்மொழியாகச் சுருங்கிவிட்டது. வா, சாப்பிடு, கை கழுவு, படு. பகிடியும் கிச்சுக்கிச்சும் ஒளித்துப்பிடித்தலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. விருந்தினர் வந்தால் “அன்ரிக்கு ஒரு பாட்டுச் சொல்லிக்காட்டு” என்கிறோம். பிள்ளை வாய் திறக்காவிட்டால் தமிழ் வராது என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறோம்.

அம்மம்மாமாரின் விரல் விளையாட்டு இதற்கு நேரெதிர். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாகச் சோறு பங்கிட்டு, பிறகு இரண்டு விரல்கள் நண்டாகிக் கைவழியே ஏறும். கமக்கட்டை எட்டுமுன் ஒரு கணம் நிற்கும். அந்த நிறுத்தத்தில்தான் குழந்தையின் முறை வருகிறது: அது சிரிக்கிறது, நெளிகிறது, கையை இழுத்துக்கொள்கிறது, மறுபடி தானே நீட்டுகிறது. ஒரு சொல்லும் பேசாத பிள்ளை தமிழில் உரையாடி முடித்துவிட்டது. கைபேசித் திரையில் அதே பாட்டு ஓடலாம். அது யாருக்காகவும் நிற்பதில்லை.

இங்கே பிறந்து வளர்ந்து, தமிழ் வாசிக்கத் தடுமாறும் பெற்றோர் பிள்ளைத்தமிழை ஒருவேளை திறக்கவே மாட்டார்கள். பரவாயில்லை. நீட்டிய கைக்கு நண்டு ஊர அவர்களால் முடியும். பிள்ளை பின்னால் வந்து கழுத்தைக் கட்டும்போது, “ஆரடா இது?” என்று தமிழில் திடுக்கிடவும் முடியும்.