தெரிந்தும் எழுதாதது

நிருபர்களோடு நல்லுறவு வைத்துக்கொள்வதை ஜப்பானியர்கள் ஓர் அமைப்பாகவே ஆக்கி வைத்திருக்கிறார்கள். 1890-ல் நாடாளுமன்றம் தொடங்கியபோது, உள்ளே நுழைய அனுமதி கேட்டுப் பத்திரிகையாளர்கள் ஒன்றுசேர்ந்ததில் பிறந்தது 'கிஷா கிளப்' என்னும் நிருபர் மன்றம். இன்று அமைச்சகமோ போலீஸ் தலைமையகமோ, அதற்குள்ளேயே மன்றத்துக்கு ஓர் அறை உண்டு.

அறை கிடக்கட்டும். உறவு வளர்வதென்னவோ அதிகாரியின் வீட்டு வாசலில்தான். ராத்திரி அவர் திரும்பும்வரை நிருபர் தெருவில் நிற்பார். விடிந்து அவர் வேலைக்குக் கிளம்பும்போது மறுபடி ஆஜர். பிரஸ் மீட்டில் பட்டும் படாமலும் பேசுகிறவர், வாசலில் கொஞ்சம் மனம் திறப்பார். இந்த உழைப்பைக் குறைத்துப் பேச மாட்டேன். துறையின் உள்விவகாரம் அறிந்தவர் அறிக்கையைத் தப்பாகப் படிப்பது அபூர்வம். அவசரச் செய்தியை யாரிடம் கேட்டு உறுதிசெய்வது என்று அலையவும் வேண்டாம்.

ஆனால் 1974-ல் என்ன நடந்தது? பிரதமர் ககுவே தனகாவின் பண விவகாரத்தைப் 'புங்கெய் ஷுன்ஜூ' மாத இதழில் அம்பலப்படுத்திய தகாஷி தச்சிபனா, எந்த வாசலிலும் காத்துக் கிடந்தவர் அல்ல. நிலப் பதிவேடு, கம்பெனிப் பதிவு என்று யாரும் பார்க்கக்கூடிய ஆவணங்களை உதவியாளர்களோடு சேர்ந்து துருவினார். நாளிதழ்கள் முதலில் கண்டுகொள்ளவே இல்லை. அக்டோபரில் வெளிநாட்டு நிருபர்கள் தங்கள் மன்றத்தில் தனகாவைக் கேள்விகளால் துளைத்தெடுத்த பிறகே பெரிதாக எழுதின. நவம்பரில் அவர் பதவி விலகுவதாக அறிவித்தார். இதெல்லாம் எங்களுக்கு முன்பே தெரியும் என்று அரசியல் நிருபர்கள் சிலர் சொல்லிக்கொண்டதுதான் கொடுமை.

பழகியது குற்றமில்லை. பழக்கத்தைக் கூட்டாக அனுபவித்ததில்தான் கோளாறு. கிஷா கிளப்பின் கட்டுப்பாட்டை மீறித் தனியாக எழுதினால் உறுப்பினருக்குத் தடை வரலாம். அவருடைய பத்திரிகை நாளைய செய்தியில் பின்தங்கும். எனவே எல்லாரும் சேர்ந்து வாய்மூடுவதே லாபம். 2009-ல் வெளியுறவு அமைச்சர் கத்சுயா ஒகாதா தன் செய்தியாளர் சந்திப்பை மன்றத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கும் திறந்துவிட்டார். நல்ல காரியம்தான், ஆனால் வாசல் பேச்சை எந்த உத்தரவாலும் பொதுவாக்க முடியாது.

அதிகாரிகளின் பக்கமும் கணக்கு ஒன்று உண்டு. பண்டிகைக்கு வாழ்த்து அனுப்புவதையும் போன் எடுப்பதையும் உறவென்று நம்பும் மக்கள் தொடர்பு அலுவலர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். என் அளவுகோல் வேறு: காரசாரமான செய்தி வெளியான மறுநாள் காலை, அதே நிருபர் அழைத்தால் அந்த அலுவலர் போனை எடுக்கிறாரா என்பதைத்தான் பார்ப்பேன்.