ஒரு சொல்லும் இரு சினங்களும்

அப்துல்லா ஹுசேனின் ‘இன்டர்லோக்’ 1971ஆம் ஆண்டில் வெளிவந்த மலாய் நாவல். செமான், சின் ஹுவாட், மணியம் ஆகிய மூவரின் குடும்பங்களைத் தனித்தனியே காட்டி, இறுதியில் ஒன்றோடொன்று பிணைப்பது அதன் அமைப்பு. ஆசிரியர் 1996இல் தேசிய இலக்கியவாதி விருது பெற்றவர். 2011இல் அந்நாவல் ஐந்தாம் படிவ மாணவர்க்குப் பாடநூலாக வந்தபோது தமிழரிடையே பெருஞ்சினம் மூண்டது. அவ்வாண்டின் இறுதியில் நூல் விலக்கிக்கொள்ளப்பட்டது.

சினத்துக்குக் காரணம் ஓரிடம். மலாயா வந்த மணியமும் தோழர்களும் ‘பறையர்’ என்னும் ஒரே சாதியினர். ஆதலின் தீட்டுக்கு அஞ்சாமல் தம்முள் தொட்டுப் பழகினர் என நாவல் கூறுகிறது. இது வரலாற்றுப் பிழை. தஞ்சை, திருச்சி, சேலம், வடார்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து கப்பலேறியவர் பல சாதியினர். கங்காணி தன் ஊரிலும் உறவிலுமே ஆள் திரட்டினான் என்பதால், ஊர்ச் சாதிகளும் உடன் வந்தன. தீட்டு அச்சம் கடலோடு போயிற்று என்பது அதனினும் பெரிய பிழை. தோட்டங்கள் பலவற்றில் சாதிக்கொரு லயம் இருந்தது. கோயில் உரிமையிலும் வேற்றுமை இருந்தது. சாதியற்ற நாடாயின், 1929ஆம் ஆண்டின் இறுதியில் இங்கு வந்த பெரியார் சாதியொழிப்பைப் பேச வேண்டிய தேவையே இராது!

எனவே மறுப்பு நியாயமானதே. ஆனால் மறுத்தவர் குரல் ஒன்றன்று. ‘வந்தவர் அனைவரும் ஒரு சாதியினர் அல்லர்’ என்பது ஒரு குரல். அது வரலாற்றைத் திருத்துவது. ‘எங்களைப் போய் அப்பெயரால் அழைப்பதா?’ என்பது மற்றொரு குரல். இரண்டாவது குரல் நூலாசிரியரைச் சாடும்போதே, அப்பெயர் இழிவானது என்னும் அவர் கருத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறது. மேடையில் அது ஒலித்தபோது, கூட்டத்திற் பின்வரிசையில் அமர்ந்திருந்த அச்சமூகத்து மாணவன் எவ்வாறு கைதட்டியிருப்பான்? நூல் அவனை ஒருமுறை புண்படுத்தியது. அவனுக்காகப் பேசியவர் மறுமுறை புண்படுத்தினர். புறநானூற்றின் 335ஆம் பாடல் துடியன், பாணன், கடம்பன் ஆகியோரோடு பறையனையும் சிறந்த குடியாக எண்ணுவதைத் தமிழாசிரியர் அறிவர். அதனை அவ்வேளையில் உரக்கச் சொன்னவர் மிகச் சிலரே.

சீனப் பாத்திரங்களின் சித்திரிப்பைச் சீன அமைப்புகளும் கண்டித்தன. மலாய் எழுத்தாளர் பலர் நாவலுக்கு அரணாக நின்றனர். அவரவர் காயம் அவரவர்க்குப் பெரிது.

இன்னொரு வழக்கமும் ஆராயத்தக்கது. சாதி தமிழ்நாட்டில்தான் என்பர் மலேசியர். மலேசியாவிலும் தோட்டப்புறத்தில்தான் என்பர் பட்டணத்தார். மெர்லிமாவ், ஜாசின் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்து பழகியவரைக் கேட்டால், பட்டணத்துச் சங்கங்களையும் திருமண மண்டபங்களையும் சுட்டுவர். தமிழ்நாட்டாரோ வடநாட்டைக் காட்டுவர். 1968இல் கீழ்வெண்மணியில் நாற்பத்து நால்வர் எரியுண்டது எந்த நாட்டில் என்பது அப்போது நினைவுக்கு வருவதில்லை.

மலேசியத் தமிழ்ப் புனைகதையும் இதற்கு விலக்கன்று. வெள்ளைத் துரையின் பிரம்பு, கிராணியின் வசைமொழி, கங்காணியின் சூழ்ச்சி ஆகியவை நம் கதைகளில் பன்முறை எழுதப்பட்டுள்ளன, எழுதப்பட வேண்டியவையே. ஆனால் துரையின் பங்களாப் படியேற முடியாத தொழிலாளி, அதே லயத்தில் வேறொருவனைத் தன் வீட்டுப் படியேற விடாத காட்சி அரிதாகவே வருகிறது. காதலர் பிரியச் சாதி காரணமாகும் கதைகள் உண்டு. அவற்றில் சாதி பெரும்பாலும் முரட்டுத் தந்தை ஒருவரின் குணக்கேடாகச் சுருங்கிவிடுகிறது. அவர் மனம் திருந்தினால் கதை முடிந்துவிடும். லயத்தின் அமைப்பும், கோயிற் பரிவட்டமும், திருமணத் தரகர் கேட்கும் முதல் கேள்வியும் அக்கதைகளுக்கு வெளியிலேயே நின்றுவிடுகின்றன.

அப்துல்லா ஹுசேன் அயலாராய் நின்று தவறாக எழுதிய பகுதி அதுவே. அதனைச் சரியாக எழுதவல்லவர் உள்ளிருந்தோர். அவர் எழுதியது மிகக் குறைவு.