கொற்கையைக் கொண்டது கடலா?

தமிழகத்துப் பழந்துறைகளின் மறைவைப் பற்றி எழுதப் புகுவோர் ‘கடல்கோள்’ என்னும் ஒரு சொல்லையே அனைத்திற்கும் விடையாகக் கொள்ளக் காண்கிறோம். காரணம் வெளிப்படை. இந்திர விழாவை மறந்தமையால் புகாரைக் கடல் கொண்டது என்கிறது மணிமேகலை. அடியார்க்கு நல்லாரோ, பஃறுளிக்கும் குமரிக்கும் இடைப்பட்ட 700 காவதமும் அதனுள் 49 நாடும் கடலுட் பட்டன எனக் கணக்கே தருகிறார். இவற்றில் ஊறிய நெஞ்சிற்கு, அழிந்த துறை எதுவாயினும் அலையே பகையாகத் தோன்றுதல் இயல்பு. ஆயினும் கொற்கை இதற்கு உடன்படவில்லை.

முத்தால் பெயர்பெற்ற பாண்டியர் பெருந்துறை அது. பெரிப்புளூசு என்னும் கிரேக்க நூலும் தாலமியும் குறிப்பது. இன்று அது கடலுள் இல்லை. கடலினின்று ஏறத்தாழ 6 கிலோமீட்டர் உள்ளே சிற்றூராய் நிற்கிறது. பொதிகையில் தோன்றும் பொருநை, இரு பருவ மழையாலும் பெருகி, மலையை அரித்த மண்ணைக் கொணர்ந்து கழிமுகத்தில் இட்டது. அலையும் தன் பங்கிற்கு மணலைக் குவித்தது. துறை தூர்ந்தது, கரை கிழக்கே விலகியது. வணிகம் காயலுக்குப் பெயர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ விதந்த அக்காயலும் பின்னர் அவ்வாறே கடலை இழந்தது. 19ஆம் நூற்றாண்டில் இவ்விரண்டையும் ஆராய்ந்த கால்டுவெல் இதனைத் தெளியக் கூறியுள்ளார். ஆதலின் கொற்கையைக் கெடுத்தது, நிலத்தை அழிக்கும் ஆற்றலன்று; ஆக்கும் ஆற்றலே.

பழம்புலவர் இதனை அறியாரல்லர். எக்கர், அடைகரை, வண்டல், துருத்தி என, நீர் இட்ட நிலத்திற்கு அவர்பால் எத்துணைச் சொற்கள்! எக்கர் என்பதற்கு ‘மணல்மேடு’ எனப் பொருளுரைத்து அமைதலே பெருவழக்கு. வகுப்பறைகளில் அது தலைவனும் தலைவியும் கூடும் இடமாக மட்டுமே நின்றுவிடுகிறது. அலை இட்டதனை அலையே கொண்டுபோதலும் கூடும். இரங்கல் என்னும் உரிப்பொருளுக்கு இத்தகைய நிலையா நிலம் வாய்த்த பொருத்தத்தை நெய்தற் பாடல்களில் எவரேனும் முழுமையாக ஆராய்தல் நன்று.

இனி, புகாரையேனும் கடலுக்கு விட்டுவிடலாமோ எனின், அங்கும் செய்தி அத்துணை எளிதன்று. கடல் அரிப்பு உண்மையே. கரையோரத்தில் அலை வந்து மீளும் இடத்தே உறைகிணறுகள் காணப்பட்டுள்ளன. ஆனால் 1960களில் கீழையூரில் அகழ்ந்து கண்ட செங்கற் படகுத்துறை நிலத்துள் புதைந்து கிடந்தது. அருகே ஓடிய நீர்க்கால் தூர்ந்தோ விலகியோ போயிருத்தல் வேண்டும். ஒருபால் கடல் அரித்தது. ஒருபால் ஆறு மூடியது. மணிமேகலையின் கூற்றை அப்படியே வரலாறாகக் கொள்வோர் அப்படகுத்துறைக்கு விடை கூறல் வேண்டும். கட்டுக்கதை எனத் தள்ளுவோர் உறைகிணறுகளுக்குக் கூறல் வேண்டும்.