கடுகு விதையும் கொட்டாஞ்சேனை மண்ணும்: ஈழத்துக் கத்தோலிக்க மரபின் வளர்ச்சி குறித்து ஒரு சமூகவியல் நோக்கு

சிறிய விசுவாசச் செயல்கள் காலப்போக்கில் பெருவிருட்சமாகும் என்பது கிறிஸ்தவ இலக்கியத்தின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. கடுகு விதை உவமை அதன் மூலமாகும். ஈழத்துக் கத்தோலிக்க வரலாற்றை எழுதியோர் பலர் இவ்வுவமையையே வரலாற்று விளக்கமாகவும் கொண்டுவிடுகின்றனர். மறுபுறத்தே, முற்போக்கு விமர்சகர் சிலர் மதம் மக்களை மயக்குவது என்ற வாய்பாட்டைக் கூறி இவ்விலக்கியம் முழுவதையும் ஒதுக்கிவிடுகின்றனர். மதத்தை அபினுக்கு ஒப்பிட்ட மார்க்ஸ், அதே பந்தியில் அதனை ஒடுக்கப்பட்டோரது துயரின் வெளிப்பாடாகவும் கண்டார் என்பதை இவர்கள் மறந்துவிடுகின்றனர். விதை எத்தகைய மண்ணில் விழுந்தது, எத்திசையில் வளர்ந்தது என்ற வினாவை இருசாராருமே எழுப்புவதில்லை. இவ்வினாவைக் கொட்டாஞ்சேனையை முன்வைத்து ஆராய்வதே எமது நோக்கமாகும்.

1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளிப்பதை மரணதண்டனைக்குரிய குற்றமாக்கினர். அரச உத்தியோகமும் சமூகத் தகுதியும் சீர்திருத்தத் திருச்சபையின் ஞானஸ்நானத்தோடு பிணைக்கப்பட்டன. இந்நிலையில் 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசேவ் வாஸ் அடிகளுக்குச் சாதாரண மக்களின் வீடுகளே கோயில்களாயின. இரவில் கதவைத் திறந்துவிடுதல், ஒருவேளை உணவளித்தல், செபமாலையை மறைத்து வைத்தல் ஆகிய இச்சிறு செயல்கள் அன்று அரச கட்டளையை மீறுவனவாகவும் இருந்தன. 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது கைவிடப்பட்ட நோயாளரை அடிகள் பராமரித்தார். அவரது பணி நிலைத்தமைக்குத் தனிமனித அர்ப்பணிப்பு மட்டுமன்றி, ஒல்லாந்தருக்கும் பௌத்த மன்னரான கண்டி அரசருக்குமிடையே நிலவிய முரண்பாடும் காரணமாயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

இம்மறைவு வாழ்வின் இலக்கியப் பேறு யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் ஆக்கங்களாகும். 1705இல் இலங்கை வந்து 1742இல் இங்கேயே மறைந்த அவர் சிங்களம், தமிழ் ஆகிய இருமொழிகளிலும் எழுதினார். ஒல்லாந்த ஆட்சி 1737 முதல் கொழும்பில் அச்சுக்கூடத்தைப் பயன்படுத்திற்று. தடைசெய்யப்பட்ட சமயத்தினருக்கோ ஏடுகளே கதியாயின. எனினும் அச்சேறிய அரச சமயம் பதிவேடுகளில் பெருகிற்று. ஏட்டிலிருந்த சமயம் மக்கள் செவிகளில் தங்கிற்று. கொன்சால்வெஸ் அடிகளின் வியாகுலப் பிரசங்கம் இதற்குச் சிறந்த சான்றாகும். தவக்காலத்தில் கூடியிருந்து கேட்பதற்கென அமைந்த உரைநடை அது. குற்றமற்ற ஒருவனுக்கு அந்நிய ஆளுநன் தண்டனை விதித்த கதையை, அந்நிய ஆளுநரின் தடைச்சட்டத்தின் கீழ் வாழ்ந்தோர் கேட்டபோது, அதன் பொருள் இரட்டித்திருக்கும் என்பதில் ஐயமில்லை. தமிழ் உரைநடை வரலாற்றை நாவலரிலிருந்தே தொடங்குவோர், எழுத்தறியாதாரின் கூட்டுச் செவிப்புலனால் வளர்ந்த இவ்வுரைநடைக்கு உரிய இடமளிக்கத் தவறிவிடுகின்றனர்.

கொட்டாஞ்சேனையில் ஒல்லாந்தர் காலத்தின் பிற்பகுதியில் எழுந்த சிறு கோயிலே, பின்னர் புனித லூசியாள் பேராலயமாயிற்று. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தின் தோற்றக்கதையும் இத்தகையதே. வணிகராக மறைந்து வாழ்ந்த குருவானவர் ஒருவர் மீனவரின் வேண்டுகோளுக்கிணங்கிக் கரையில் சிலுவையை நாட்ட, கடலரிப்பு நின்றது என்பது மரபுக்கதை. அற்புதம் நிகழ்ந்ததா என்பது விமர்சகனின் வினாவன்று. கடலை நம்பி வாழ்ந்து கடலுக்கே அஞ்சிய உழைப்பாளரின் அச்சமும் நம்பிக்கையும் இக்கதையில் உருப்பெற்றுள்ளன என்பதே எமக்கு முக்கியமானது. 1806இல் கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களைப் பிரித்தானியர் நீக்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் துறைமுகம் விரிவடைந்தது. கூலியுழைப்பாளரும் வணிகரும் பெருகினர். ஓலைக் கூரைகள் கற்கோபுரங்களாயின. அளவு மாற்றம் பண்பு மாற்றமாயிற்று.

ஆனால் பண்பு மாற்றம் எப்போதும் மேல்நோக்கியதன்று. 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறன்று, மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் விகாரையை நோக்கிச் சென்ற பௌத்த ஊர்வலத்தைக் கத்தோலிக்கர் கொட்டாஞ்சேனையில் தாக்கினர். ஒருகாலத்தில் மறைந்திருந்து செபித்தவர்களின் வழித்தோன்றல்கள், பிறரது வழிபாட்டின் வழியை மறித்தனர். குடியேற்ற அரசு குற்றவாளிகளைத் தண்டிக்கத் தவறியமை பௌத்த மறுமலர்ச்சிக்கு உந்துதலாயிற்று. 1884இல் ஒல்கொட் இலண்டன் சென்று முறையிட்டார். 1885இல் வெசாக் விடுமுறை கிடைத்தது. பக்திநூல்கள் அதிகம் பேச விரும்பாத அத்தியாயம் இது. ஒடுக்கப்பட்டோரின் சமயம் அதிகாரத்தை அண்மித்ததும் ஒடுக்கும் கருவியாகவும் மாறவல்லது என்பதை இது காட்டுகின்றது.

இதற்கு எதிரான போக்கும் அம்மண்ணிலேயே உண்டு. செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் ஆலயத்திற்குக் கத்தோலிக்கர் மட்டுமன்றி இந்துக்களும் பௌத்தரும் முஸ்லிம்களும் வருகின்றனர். எந்த நிறுவனமும் திட்டமிட்டு உருவாக்காத ஒருமைப்பாடு இது. நோய், கடன், வேலையின்மை ஆகியவற்றின் பொதுமையே அதன் அடித்தளம். 2019 ஏப்ரல் 21, மீண்டும் ஓர் உயிர்த்த ஞாயிறன்று, அவ்வாலயத்திலும் நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆலயங்களிலும் கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் அதிகமானோர் மாண்டனர். அடுத்த மாதமே வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. மறுபுறத்தே, பாதிக்கப்பட்டோர் ஏற்றிய மெழுகுவர்த்திகள் உண்மையைக் கோரும் குரலாக வளர்ந்தன. தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் சனாதிபதி உட்பட உயர் அதிகாரிகள் நட்டஈடு வழங்கவேண்டுமென 2023 சனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஒரே துயரிலிருந்து பழியும் பிறக்கலாம், நீதிக்கான கோரிக்கையும் பிறக்கலாம். எது வளரும் என்பதை விதை தானாகவே தீர்மானிப்பதில்லை. அதனை வளர்க்கும் சமூக உறவுகளே தீர்மானிக்கின்றன. எனவே முற்போக்காளர் மக்களின் சிறு விசுவாசச் செயல்களை ஏளனஞ் செய்வதாலோ, அவற்றைக் கண்மூடிப் போற்றுவதாலோ பயனில்லை. அவற்றுள் உறையும் மனிதநேயத்தை இனங்கண்டு, இன மத எல்லைகளைக் கடந்த நீதியின் பக்கம் அதனை இணைப்பதே இன்றைய கடமையாகும்.